உடைந்த லாரியின் இன்ஜின் கடலில் ஓடுவது எப்படி? - விசைப்படகுகளின் தடைக்கால வேலை

நெடுஞ்சாலையில் லாரி இன்ஜின் நின்றுபோனால் டயருக்கு அடியில் கல்லை வைத்துவிட்டு, மெக்கானிக் வரும்வரை டிரைவர் டீக்கடையில் உட்காரலாம். கடலில் இன்ஜின் நின்ற பிறகும் படகு நிற்பதில்லை. நீரோட்டமும் காற்றும் தள்ளுகிற பக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

ராமேஸ்வரம், மண்டபம் படகுகளுக்கு அந்தப் 'பக்கம்' எது என்பதுதான் கவலை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976-ம் ஆண்டு ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லைக்கோடு நடுவே போகிறது. கோட்டைத் தாண்டி மீன்பிடிக்கப் போகிற படகுகள் உண்டு, அது தனிக்கதை. ஆனால், இன்ஜின் பழுதாகி அந்தப் பக்கம் ஒதுங்கி, இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய படகுகளும் உண்டு. 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான சட்டத்தைத் திருத்தி இலங்கை அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. பிடிபட்ட தமிழகப் படகுகளை 2022 பிப்ரவரியில் ஏலத்துக்கே விட்டது. நங்கூரம் போடலாம், வாக்கி டாக்கியில் பக்கத்துப் படகைக் கூப்பிடலாம், அவர்கள் கயிறு கட்டி இழுத்தும் வருவார்கள். எல்லா இரவும் பக்கத்தில் ஒரு படகு இருக்கும் என்று சொல்ல முடியாதே!

அதனால்தான் இன்ஜின் சரியில்லை என்று தெரிந்துவிட்டால் கடலுக்குப் போகிற யாருக்கும் தூக்கம் வராது. கரையில் இருக்கிற வீட்டுக்காரம்மாவுக்கும்தான்.

இன்ஜினை மாற்ற வசதியான காலம் ஒன்றுதான். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், பெயின்ட் அடிக்கப்படும், பலகை இடுக்குகள் அடைக்கப்படும், இன்ஜின் பிரிக்கப்படும். ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும். இரண்டு மாதம் வலை படாத கடல், முதல் சில நாள்கள் மீன் நன்றாகக் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் ஆண்டுக் கணக்கே சரிந்துவிடும். அரசின் தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய், இரண்டு மாதச் சோற்றுக்கே போதாது. அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஃபீஸ் கட்டுவதா, இன்ஜின் வாங்குவதா என்று பீரோவில் இருக்கும் நகையைப் பார்த்து யோசிக்கிற வீடுகள் கடற்கரையில் எத்தனையோ.

புதிய மெரைன் இன்ஜின் என்றால் பல லட்சம். கையில் அவ்வளவு இல்லாதவர், மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கலாம். அப்படி வாங்கினால், கடன் தீரும்வரை பிடிக்கிற மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஆயுள் முடிந்த லாரியின் இன்ஜின்!

பெயரிலேயே இருக்கும் அளவு

கேட்கிறவர்களுக்குக் கோமாளித்தனமாகத் தோன்றலாம். ஆனால், தமிழக விசைப்படகுகளுக்கும் லாரிக்கும் ரொம்ப நாள் சொந்தம். அசோக் லேலண்ட் லாரிகளிலும் பஸ்களிலும் ஓடிய 370, 400 வரிசை இன்ஜின்களின் கூடப்பிறந்தவைதான் மெரைன் வடிவில் படகுகளுக்கும் விற்கப்பட்டன. அந்த எண்கள் இன்ஜினின் கொள்ளளவைக் குறிப்பவை. 370 என்றால் 370 கன அங்குலம், அதாவது சுமார் 6 லிட்டர். 400 என்றால் சுமார் 6.5 லிட்டர். ஆறு சிலிண்டர், கையால் திருகிச் சரிசெய்யக்கூடிய டீசல் பம்ப், ஊருக்கு ஊர் உதிரி பாகம், கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள். படகுக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

லாரிக்கு வயதாவது பெரும்பாலும் உடம்பில்தான். சேஸிஸ் துருப்பிடிக்கும், கேபின் நொறுங்கும், எஃப்.சி-க்கு ஆகும் செலவு லாரியின் விலையைத் தாண்டும். அப்போது லாரி உடைக்கும் யார்டுக்குப் போய்விடும். இன்ஜினில் உயிர் மிச்சமிருக்கும். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்கள் தெருத்தெருவாக விற்கப்படுவதை எல்லோரும் பார்த்திருப்போம். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் பக்கமும் இப்படி இன்ஜின் தேடிப் போகலாம்.

அங்கே ஏமாறுவதும் சுலபம். மேலே பெயின்ட் அடித்து, ஆயில் பூசி வைத்தால் எந்த இன்ஜினும் அழகாகத்தான் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் விசாரிப்பது, அந்த லாரி ஏன் உடைக்கப்பட்டது என்பதை. பின்பக்கம் அடிபட்ட விபத்து லாரியின் இன்ஜின் என்றால் நல்ல சகுனம், உடைகிற நாள்வரை அது ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இன்ஜின் போனதால் ஓரங்கட்டப்பட்ட லாரி என்றால் யோசிக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கும்பிடு போட்டுவிடலாம். சிலிண்டருக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் என்ன செய்து வைத்திருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும்.

அடுத்து ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பது. பால் ஊற்றிய டீ போல ஆயில் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். முடிந்தால் அங்கேயே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். அதுவும் குளிர்ந்த இன்ஜினை. விற்பவர் ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவெனத் தள்ளுகிறதா என்று பார்த்தால் ரிங், லைனர் தேய்மானம் தெரிந்துவிடும். கடைசியாக, சம்ப்பைக் கழற்றி அடியில் உலோகத் தூள் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது. விற்பவர் முகம் சுளித்தாலும் இதை விடக் கூடாது.

ரேடியேட்டருக்கு வேலை இல்லை

இன்ஜின் படகுத்துறைக்கு வந்துவிட்டது. அரை டன்னுக்கு மேல் எடை. வீல்ஹவுஸ் பலகைகளைக் கழற்றி, செயின் பிளாக் போட்டு, பழையதைத் தூக்கிப் புதியதை இறக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இதுதான் பெரிய வேலையாகத் தெரியும். உண்மையில் சிக்கலான வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான். லாரி இன்ஜினை வாங்கி மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கை இந்தக் கட்டத்தில் செலவு செய்தே ஆக வேண்டும். இங்கேயும் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள்தான் நடுக்கடலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் பிரச்னை சூடு. எரிகிற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இன்ஜினைச் சுற்றிவரும் தண்ணீர் வழியாக வெளியேற வேண்டும். லாரியில் அதற்கு ரேடியேட்டர், ஃபேன், எதிர்க்காற்று. படகின் இன்ஜின் அறை என்பது கதவு சாத்திய சமையலறை மாதிரி. ரேடியேட்டரை அங்கே வைத்தால் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ரேடியேட்டரும் ஃபேனும் முதல் நாளே கழற்றப்படுகின்றன.

சுற்றிலும் கடல் தண்ணீர் இருக்கிறதே, நேராக இன்ஜினுக்குள் விட்டால் என்ன? அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். செலவில்லாத வழி. ஆனால், கடல் தண்ணீர் சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் உப்பு படிய ஆரம்பித்துவிடும். லாரி இன்ஜினோ 80 டிகிரிக்குப் பக்கத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. சூடாக ஓட்டினால் நீர்ப்பாதையில் உப்பு அடைக்கும், குளிராக ஓட்டினால் டீசல் சரியாக எரியாமல் கரி படியும். எப்படி ஓட்டினாலும் வார்ப்பிரும்பை உப்பு உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். அலுமினியப் பாகம் ஏதாவது இருந்தால் அது இன்னும் சீக்கிரம் போய்விடும்.

சரியான வழி இரண்டு. இன்ஜினுக்குள் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் மட்டும் சுற்ற வேண்டும். அந்தத் தண்ணீரை, படகின் அடிக்கட்டையான ஏராவை ஒட்டி வெளியே பதித்த குழாய்கள் வழியாக ஓடவிட்டுக் கடலால் குளிர்விப்பது ஒரு முறை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிற உருளைக்குள் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் கடல் தண்ணீர் என்று கலக்காமல் ஓடவிடுவது இன்னொன்று. இரண்டாவது முறைக்குத் தனியாகக் கடல்நீர் பம்ப் வேண்டும். அதற்குள் ஒரு ரப்பர் சக்கரம் சுழலும். உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவர் வந்து ஒட்டிக்கொண்டால் போதும், தண்ணீர் இல்லாமல் ரப்பர் கருகி, சில நிமிடங்களில் இன்ஜின் சூடேறிவிடும். அளவில் சின்னதாக இருக்கும் அந்த ரப்பர் சக்கரத்துக்கு உபரி ஒன்று படகில் எப்போதும் இருக்க வேண்டும். வடிகட்டிச் சல்லடையும், சூடு ஏறினால் அலறும் அலாரமும் அவசியம்.

சூட்டோடு சேர்ந்தது காற்றும் புகையும். 6 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடினால் 5,000 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கும். அறைக்குக் காற்று வழி போதாவிட்டால் கறுப்புப் புகை தள்ளும், இழுவை குறையும். புகைக்குழாய் மரப்பலகைக்குப் பக்கத்தில் போகிற இடமெல்லாம் வெப்பம் தாங்கும் துணி சுற்றப்பட வேண்டும். ஆள்கள் சமைப்பதும் படுப்பதும் அதே படகில்தான்.

ஒரு முடி அளவு கோணல்

இரண்டாவது பிரச்னை, இன்ஜினின் சுழற்சியைத் தண்ணீருக்குள் இருக்கும் விசிறிக்கு, அதாவது புரொப்பல்லருக்குக் கொண்டுபோவது.

லாரியின் கியர் பாக்ஸையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கத் தோன்றும். லாரியில் சக்கரம் சாலையைத் தள்ளும்போது அந்த விசையை ஆக்ஸில் தாங்கிக்கொள்கிறது, கியர் பாக்ஸுக்கு அது வருவதில்லை. படகிலோ, புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளும்போது அந்த முழு விசையும் ஷாஃப்ட் வழியாக உள்ளே வந்துதான் படகை முன்னே நகர்த்துகிறது. மெரைன் கியரில் அதைத் தாங்கத் தனி பேரிங் உண்டு. லாரி கியரில் இல்லை. தாய்லாந்தின் நீள்வால் படகுகளில் பழைய கார், லாரி இன்ஜினைப் படகின் பின்னால் ஏற்றி, நீண்ட கம்பியின் நுனியில் புரொப்பல்லரை மாட்டி மெரைன் கியர் இல்லாமலேயே பறக்கிறார்கள். அவை ஒடிசலான, எடை குறைந்த படகுகள். மணிக்கணக்கில் இழுவலையை இழுக்கும் விசைப்படகுக்கு அந்த வித்தை பொருந்தாது. இன்ஜின் 2,000 சுற்று ஓடினால், 4-க்கு 1 கியர் வழியாக புரொப்பல்லர் 500 சுற்று மட்டும் சுழல வேண்டும். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றால்தான் இழுவை கிடைக்கும்.

பழைய இன்ஜினோடு இருந்த மெரைன் கியர் நல்ல நிலையில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். லாரி இன்ஜினின் ஃப்ளைவீல் மூடியோடு அது பொருந்தாது என்பதால் லேத் பட்டறையில் இணைப்பு வளையம் கடைந்து வாங்க வேண்டும். வேறு கியர் மாட்டினால் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. சில கியர்கள் சுழலும் திசையை மாற்றிவிடும். முன்னால் போக கியர் போட்டால் படகு பின்னால் போகும். அப்புறம் எதிர்த்திசை புரொப்பல்லர் தேட வேண்டும்.

இந்த வேலையில் மெக்கானிக்கின் கைப்பக்குவம் தெரிகிற இடம், இன்ஜினையும் ஷாஃப்ட்டையும் ஒரே நேர்கோட்டில் உட்கார வைப்பது. கியரின் தட்டும் ஷாஃப்ட்டின் தட்டும் முகத்தோடு முகம் சேருகிற இடத்தில் ஃபில்லர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டை நுழைத்து, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தட்டின் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது கணக்கு. 5 அங்குலத் தட்டுக்கு 0.125 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன்! அதைத் தாண்டினால் படகு அதிரும், கியர் பேரிங் தேயும், ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் இருக்கும் கிளாண்ட் வழியாகக் கடல் உள்ளே வரும்.

இதை எப்போது செய்கிறோம் என்பதும் முக்கியம். கரையில் கட்டை மேல் நிற்கும்போது மரப்படகின் உடம்பு ஒரு மாதிரி இருக்கும், தண்ணீரில் மிதக்கும்போது வேறு மாதிரி வளையும். பலகையும் ஊறிப் பருக்கும். கரையில் கச்சிதமாகப் பூட்டியது கடலில் இறக்கியதும் கோணலாகிவிடும். அதனால் கரையில் தோராயமாக உட்காரவைத்து, படகை இறக்கி ஓரிரு நாள் மிதக்கவிட்டு, அதன் பிறகு போல்ட்டைத் தளர்த்தி மறுபடி நேர் பார்க்க வேண்டும். ஜூன் 13-ம் தேதி படகை இறக்கி மறுநாள் இரவே கிளம்புகிற அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

லாரியில் கிட்டத்தட்ட மட்டமாக உட்கார்ந்திருந்த இன்ஜின், படகில் ஷாஃப்ட்டின் சரிவுக்கு ஏற்பப் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். அலையில் இன்னும் ஆடும். சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சினால் கிராங்க் பேரிங் அன்றைக்கே காலி. தேவைப்பட்டால் ஆழமான சம்ப் மாட்டி, உறிஞ்சும் குழாயை இடம் மாற்ற வேண்டும்.

குதிரைத்திறன் கணக்கு

லாரியில் 110 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தால் படகிலும் அதே 110-ஐ எதிர்பார்க்கக் கூடாது. லாரி மேடேறும்போது மட்டும் முழு பலத்தைக் கேட்கும். இறக்கத்தில் மூச்சு வாங்கும், டோல்கேட்டில் ஓய்வெடுக்கும். இழுவலைப் படகுக்கு இறக்கமே கிடையாது. அதனால்தான் ஒரே இன்ஜினுக்கு, விடாமல் ஓடும் வேலை என்றால் குறைந்த குதிரைத்திறனைத்தான் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

புரொப்பல்லர் இன்னொரு சூட்சுமம். அதன் சுற்று இரண்டு மடங்கானால் தேவைப்படும் பலம் எட்டு மடங்காகும். பெரிய புரொப்பல்லரை மாட்டிவிட்டால் இன்ஜினால் தன் முழுச் சுற்றை எட்டவே முடியாது. எப்போதும் பாரம் தாங்கித் திணறிக்கொண்டு, கறுப்புப் புகையோடு டீசலைக் குடிக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஐஸ், டீசல், வலை எல்லாம் ஏற்றிய நிலையில் வெள்ளோட்டம் போய், முழு வேகத்தில் இன்ஜின் தனக்குரிய சுற்றைத் தொடுகிறதா என்று மீட்டரைப் பார்த்தால் போதும். தொடவில்லை என்றால் புரொப்பல்லரை மாற்ற வேண்டும், பம்பைத் திருகி டீசலைக் கூட்டக் கூடாது. கூட்டித்தான் பலரும் இன்ஜினைக் கொல்கிறார்கள்.

பேப்பர் வேலையும் இருக்கிறது. 240 குதிரைத்திறனுக்கு மேல் இன்ஜின் பொருத்த தமிழகத்தின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் இடம் தருவதில்லை. படகின் பதிவுச் சான்றில் இன்ஜின் விவரமும் இருப்பதால் மாற்றத்தை மீன்வளத் துறையில் தெரிவித்துப் பதிய வேண்டும். தடைக்காலத்தில் நடக்கும் ஆண்டு ஆய்வில் அதிகாரிகள் இதைப் பார்ப்பார்கள். பதிவு சரியாக இருந்தால்தான் மானிய டீசல். யார்டில் வாங்கும்போதே பில்லும், இன்ஜின் எண்ணும், லாரியின் பதிவு ரத்தான விவரமும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திருட்டு லாரியின் இன்ஜின் என்று பின்னால் தெரியவந்தால் போலீஸ் வந்து நிற்பது படகுக்காரர் வாசலில்தான்.

இன்னும் சில ஆண்டுகளில் இந்த வழியே குறுகிவிடும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்-6 லாரிகளில் டீசல் பாய்ச்சுவதைத் தீர்மானிப்பது கணினி. சென்சார், வயரிங், புகையைச் சுத்தம் செய்யும் கருவி எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னியவை. உப்புக் காற்றில் ஒரு சென்சார் கெட்டால் இன்ஜின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஸ்பேனரோடு வரும் மெக்கானிக்கால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. பழைய பம்ப் வைத்த லாரிகள் ஒவ்வொன்றாக யார்டுக்கு வந்து தீரத் தீர, நல்ல பழைய இன்ஜினுக்குக் கிராக்கிதான் கூடும்.

புது இன்ஜின் பூட்டிய படகு முதல் சில தங்கலுக்குத் தனியாகத் தூரம் போகாமல், துணைக்கு ஒரு படகு கூப்பிடு தூரத்தில் இருக்கும்படி போவது நல்லது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மீதி நாள்களில் இன்ஜின் அறைக்குள் இறங்கி போல்ட்டுகளை இறுக்கலாம், கிளாண்டில் எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணலாம். முதல் 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கப்ளிங்கைப் பிரித்து, ஃபில்லர் கேஜை இன்னொரு முறை நுழைத்துப் பார்த்துவிட வேண்டும்.